புகைப்படக்கலை மாணவருக்கு ஏற்ற முதல் கமரா எது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உயர்தரப் பரீட்சை முடிந்து, கொழும்பில் ஓராண்டுப் புகைப்படக்கலை டிப்ளோமா வகுப்பொன்றில் சேர்ந்திருக்கிறேன். அடுத்த மாதத்துக்குள் ஒவ்வொருவரிடமும் சொந்தக் கமரா இருக்க வேண்டும் என்றும், ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்), அப்பச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆகிய மூன்றையும் நாமே மாற்றவும், கமரா திருத்தாமல் தரும் மூலப்பதிவான ரோ கோப்பாகப் பதியவும் அதில் வசதி இருக்க வேண்டும் என்றும் விரிவுரையாளர் கூறியுள்ளார். அப்பா ஒன்றரை இலட்சம் ரூபா தருவார். அதற்கு மேல் வீட்டில் வழியில்லை. பம்பலப்பிட்டியில் விசாரித்தபோது, டிஎஸ்எல்ஆரின் காலம் முடிந்துவிட்டது, புதிய மிரர்லெஸ் ஒன்றைத் தவணையில் எடுங்கள் என்றார் கடைக்காரர். கனடாவிலிருந்து டிசம்பரில் வரும் பெரியப்பாவின் மகனோ, அங்கிருந்து ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. கெனன், நிக்கோன் ஆகிய இரு நிறுவனங்களும் 2020ஆம் ஆண்டுக்குப் பின்னர் புதிய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் காணும் காட்சியை உள்ளேயுள்ள கண்ணாடியால் நம் கண்ணுக்குத் திருப்பும் கமரா) எதனையும் அறிமுகப்படுத்தவில்லை. அவற்றின் கவனம் முழுவதும் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட மற்றப் பாதிதான் உங்களுக்கு வேண்டியது. தொழில் செய்பவர்களும் வசதியுள்ளவர்களும் மிரர்லெஸ்ஸுக்கு மாறியபோது விற்ற டிஎஸ்எல்ஆர்கள் ஏராளமாகப் பாவித்த பொருட்களின் சந்தைக்கு வந்து, விலையும் இறங்கியிருக்கிறது. அவற்றின் படத்தரம் மட்டும் இறங்கவில்லை. உங்கள் விரிவுரையாளர் கேட்கும் வசதிகள் அனைத்தும் பத்து ஆண்டுகளுக்கு முந்திய சாதாரண டிஎஸ்எல்ஆரிலும் உண்டு. ஆகவே எனது பதில் நேரடியானது: நல்ல நிலையிலுள்ள, பாவித்த டிஎஸ்எல்ஆர் ஒன்றை வாங்குங்கள், மிஞ்சும் பணத்தை லென்ஸுக்கு வையுங்கள்.

எந்த மாதிரி என்று கேட்பீர்கள். நிக்கோனில் டி5300, டி5600 ஆகியவற்றையும், அவை அகப்படாவிட்டால் டி3400, டி3500 ஆகியவற்றையும் பாருங்கள். நான்கிலும் இருப்பது 24 மெகாபிக்சல் சென்சர் (ஒளியைப் படமாகப் பதியும் பகுதி). கெனனில் 2017இல் வந்த 200டி, மாணவர் ஒருவருக்கு மிகவும் பொருத்தமானது. திரை வெளியே மடிந்து திரும்பும், தொட்டு இயக்கலாம், திரையைப் பார்த்து எடுக்கும்போதும் குவியம் விரைவாகப் பிடிக்கும், வெளி ஒலிவாங்கியைச் செருகவும் இடமுண்டு. அதனைவிட மலிவாக வேண்டுமென்றால் 1300டி இருக்கிறது. 18 மெகாபிக்சல்தானே என்று அதனை ஒதுக்க வேண்டியதில்லை. கெனனின் 3000டி, சில நாடுகளில் 4000டி என்ற பெயரில் விற்கப்பட்டது, அதனை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: லென்ஸ் பொருந்தும் வளையம் பிளாஸ்டிக்கினால் ஆனது, பார்வைக் கண்ணாடி அணிபவர்கள் வியூஃபைண்டரை (கண் வைத்துப் பார்க்கும் துளையை) தங்கள் கண்ணுக்கு ஏற்பத் திருத்தும் சிறு சில்லும் அதில் இல்லை. விலையைக் குறைப்பதற்காகக் கைவைக்கக் கூடாத இடங்களில் கைவைத்த கமரா அது.

புதிய மிரர்லெஸ் வேண்டாம் என்பதற்குக் காரணம் அதன் தரமன்று. கெனன் ஆர்100, நிக்கோன் இஸட்30 போன்றவை நல்ல படம் தருபவைதான். எனினும் விலையைக் கீழே வைத்திருக்க அவற்றிலும் ஏதாவது விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கிறது: ஆர்100இன் திரை தொடுதிரை அன்று, அசையவும் அசையாது, இஸட்30இல் வியூஃபைண்டரே இல்லை. பிற்பகல் மூன்று மணி வெயிலில் காலிமுகத்திடலில் நின்று, கையை நீட்டிப் பிடித்த திரையில் சட்டகம் அமைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் குறை எத்தனை பெரியது என்பது விளங்கும். அதைவிட முக்கியமானது, உங்கள் ஒன்றரை இலட்சமும் அதற்கே போதாமற்போய்த் தவணை ஒன்றும் தலையில் ஏறும் என்பது. படிக்கும் ஓராண்டு முழுவதும் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு, கமராவோடு வந்த கிற் லென்ஸைத் தவிர வேறொன்றும் இல்லாமல் இருப்பதில் என்ன பயன்?

இனி லென்ஸ். கமராவோடு வரும் 18–55 மி.மீ. கிற் லென்ஸைப் பலர் இளக்காரமாகப் பேசுவார்கள். பகல் வெளிச்சத்தில் அதில் குறைசொல்ல அதிகம் இல்லை. வெளிச்சம் குறையும்போதுதான் திணறும். ஆடிவேல் விழாவின்போது செட்டியார் தெருவில் மாலை மங்கிய பின் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிற் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் அப்பச்சர் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதாகும்போது திறப்பு பெரிதாகும்). அந்த வெளிச்சத்துக்கு ஷட்டர் வேகம் விநாடியின் பத்தில் ஒரு பங்காக இறங்குகிறதென்றால், தேரோடு நடப்பவர்கள் எல்லோரும் கலங்கிப் போவார்கள். எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் அதே இடத்தில் ஒன்பது, பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஷட்டரை நூறில் ஒரு பங்குக்கு அண்மையில் வைக்கலாம், முகங்கள் தெளிவாக நிற்கும். இந்த வேறுபாட்டை எந்தப் புதிய கமரா உடலும் இத்தனை குறைந்த செலவில் தந்துவிடாது.

நிக்கோன் வாங்கினால் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸைத் தேடுங்கள். இந்தச் சென்சர் அளவில் அதன் பார்வைக் கோணம் பழைய ஃபிலிம் கமராவின் 50 மி.மீ. லென்ஸுக்கு ஒப்பானது. கெனனுக்கு 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும். ஆனால் கெனனின் சிறிய சென்சரில் அது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும் என்பதை வாங்கும் முன்னரே அறிந்திருங்கள். ஆளின் உருவப்படத்துக்கு அது அருமை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையின் முகப்பை முழுதாக அடக்கப் பின்னால் நகர்ந்தீர்களானால், நாட்டாமியின் தள்ளுவண்டிதான் முதுகில் இடிக்கும். தெருக்காட்சிகளில் நாட்டமுள்ளவர் கெனனின் 24 மி.மீ. எஃப் 2.8 என்ற தட்டையான சிறு லென்ஸை எடுப்பது நல்லது.

பணத்தைப் பிரிக்கும் விதத்தில், உடலுக்கும் கிற் லென்ஸுக்குமாக உங்கள் தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போக விடாதீர்கள். மீதியில் மேற்சொன்னவை போன்ற, ஸூம் இல்லாத பிரைம் லென்ஸ் ஒன்று, மேலதிக பற்றரி ஒன்று, 32 ஜிபி மெமரி கார்ட் இரண்டு ஆகியவை அடங்க வேண்டும். 24 மெகாபிக்சல் ரோ கோப்பு ஒன்று ஏறத்தாழ 25 மெகாபைட் இடம் பிடிக்கும் என்பதால், அத்தகைய கார்ட் ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் கொள்ளும். பெரிய ஒரு கார்ட்டைவிடச் சிறிய இரண்டு பாதுகாப்பானவை. ஒன்று பழுதானாலும் மற்றது கையில் இருக்கும். ரோ கோப்புகளைத் திருத்த மாதச் சந்தா கட்டும் மென்பொருள் கட்டாயமில்லை. கெனனும் நிக்கோனும் தத்தமது மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. டார்க்டேபிள் என்பதும் இலவசம். கடைகளில் பை, ட்ரைபொட், ஃபில்டர் என்று சேர்த்துக் கட்டித் தரும் பொதியில் மயங்க வேண்டாம். அந்த ட்ரைபொட்டில் கமராவை ஏற்றினால் விரல் பட்டாலே ஆடும். நல்லதொன்றுக்குப் பணம் சேரும்வரை மதில்மேல் வைத்து எடுப்பதே மேல்.

கனடாவிலிருந்து வரும் அண்ணாவின் உதவியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் உங்களுக்குக் கமரா தேவைப்படுவது அடுத்த மாதம். அவர் வருவது டிசம்பரில். தவிரவும், பல கமராக்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். பழுதென்றால் அங்கேதான் அனுப்ப வேண்டிவரும். ஆகவே கமராவை இங்கே வாங்கிக்கொண்டு, லென்ஸை அவரிடம் கேளுங்கள். லென்ஸில் பழுதாகக்கூடியவை குறைவு, பயணப்பையிலும் அதிக இடம் பிடிக்காது. மேலதிக பற்றரியும் வாங்கி வருவாரானால், அதனைக் கைப்பையில் வைத்தே விமானத்தில் ஏறச் சொல்லுங்கள். தனியாகக் கொண்டுவரப்படும் லித்தியம் பற்றரிகளைச் சரக்குப் பொதியில் வைக்க அனுமதியில்லை.

கேள்வி: எனது மகன் புகைப்படக்கலை படிக்க விரும்புகிறான். அவனுடைய கைத்தொலைபேசியில் 50 மெகாபிக்சல் கமரா இருக்கிறது. அப்படியிருக்க 24 மெகாபிக்சல் உள்ள பழைய கமரா ஒன்றுக்கு ஒரு இலட்சம் ரூபா கேட்கிறான். இது தேவைதானா?
– தந்தை ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது, ஐயா. மெகாபிக்சல் என்பது படத்திலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை மாத்திரமே. அந்தப் புள்ளிகள் எத்தனை பெரிய பரப்பில் ஒளியை வாங்குகின்றன என்பதை அது சொல்வதில்லை. நடுத்தர விலைத் தொலைபேசியின் சென்சர் பெரும்பாலும் 8 மி.மீ. நீளமும் 6 மி.மீ. அகலமும் கொண்டது, அல்லது அதனிலும் சிறியது. நிக்கோன் டி5300இன் சென்சர் 23.5 மி.மீ. நீளமும் 15.6 மி.மீ. அகலமும் உடையது. பரப்பளவில் இது ஏறக்குறைய ஏழரை மடங்கு. தொலைபேசி தனது 50 மெகாபிக்சலையும் வழமையாக அப்படியே தருவதில்லை. நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகவே சேமிக்கிறது.

எண்ணிக்கையில் 24 குறைவு என்று தோன்றினால், அச்சிட்டுப் பார்ப்பதே வழி. 24 மெகாபிக்சல் படத்தின் நீண்ட பக்கத்தில் 6000 புள்ளிகள் இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற உயர்தர அச்சில் அது 20 அங்குலம் வரும். கலியாண வீட்டுச் சுவரில் மாட்டும் 12க்கு 18 அங்குலப் படத்துக்குத் தாராளமாகப் போதும். முடிந்தால் மகனையும் அழைத்துக்கொண்டு, கொழும்பு 7, கில்ட்ஃபோர்ட் கிரெசன்ட்டில் உள்ள லயனல் வென்ற் கலையரங்கில் புகைப்படக் கண்காட்சி நடக்கும் நாளொன்றில் போய், அச்சிட்ட படங்களைக் கிட்ட நின்று பாருங்கள். அந்த அரங்கு பெயர் தாங்கும், 1944இல் மறைந்த கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ற்றுக்கு மெகாபிக்சல் என்ற சொல்லே தெரிந்திருக்காது.

ஆனால் படிப்பு என்று வரும்போது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மிகப் பெரும்பாலான தொலைபேசிகளில் அப்பச்சர் மாறாதது. முகத்துக்குப் பின்னால் மங்கித் தெரியும் பின்னணியைத் தொலைபேசி கணக்குப் போட்டு வரைகிறதே தவிர, லென்ஸினால் உண்டாக்குவதில்லை. அப்பச்சரைத் திறந்தும் மூடியும் அதன் விளைவைக் கண்ணால் காணாமல் பாடத்தின் மூன்றிலொரு பகுதியைக் கற்கவே முடியாது. அதேவேளை, மகனின் ஆர்வம் நிலையானதா என்று அறிய விரும்பினால், வகுப்புத் தொடங்கும்வரை தொலைபேசியிலேயே தினமும் எடுத்துப் பழகச் சொல்லுங்கள். சட்டகம் அமைப்பதையும் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்ப்பதையும் அதில் நன்றாகவே கற்கலாம்.

கேள்வி: இக்மன் தளத்தில் பாவித்த கமராக்கள் நிறைய விளம்பரமாகின்றன. ஏமாறாமல் வாங்குவது எப்படி? நேரில் பார்க்கும்போது எவற்றைச் சோதிக்க வேண்டும்?
– வாசகர், வத்தளை

பதில்: முற்பணம் கேட்பவரைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். பகல் வேளையில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தித்து, அவசரப்படுத்தாமல் சோதிக்க இடம் தருபவரிடமே வாங்குங்கள். உங்களுடைய மெமரி கார்ட் ஒன்றையும், முடிந்தால் மடிக்கணினியையும் கொண்டு செல்லுங்கள்.

முதலில் லென்ஸ். அதனைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து தொலைபேசியின் டோர்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சி, முன்பக்கத்தால் சற்றுச் சரித்துப் பாருங்கள். ஓரிரு தூசிகள் தெரிந்தால் கவலையில்லை. சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். விலை எத்தனை மலிவாக இருந்தாலும் அந்த லென்ஸை விட்டுவிடுங்கள். கொழும்பில் பாவித்த லென்ஸ்களை மற்றெந்தப் பழுதையும்விட அதிகமாகக் கெடுப்பது இதுதான் என்பதால், வாங்குவதற்கு முன் வேறு எதனைப் பார்க்காவிட்டாலும் இதனைப் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்து சென்சர். அப்பச்சரை எஃப் 16இல் வைத்து, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ படமெடுத்து, திரையில் பெரிதாக்கி மூலைமூலையாகப் பாருங்கள். மங்கலான கரும்புள்ளிகள் தூசி. அவற்றைத் துப்புரவு செய்துவிடலாம். கூர்மையான கோடு ஒன்று படத்துக்குப் படம் அதே இடத்தில் வந்தால் அது கீறல், அதற்கு மருந்தில்லை. பின்னர் லென்ஸ் மூடியைப் போட்டு, 10 விநாடி திறப்பில் ஒரு படம் எடுங்கள். கறுப்பாக வரவேண்டிய படத்தில் நிறப்புள்ளிகள் ஒன்றிரண்டு இருப்பது வழமை. வாரி இறைத்ததுபோல் இருந்தால் வேண்டாம்.

குவியம் சரியா என்று அறிய, நாளிதழ் ஒன்றை மேசைமேல் விரித்து, சரிவாக நின்று, நடுவிலுள்ள ஒரு வரியைக் குறிவைத்து, அப்பச்சரை முழுதாகத் திறந்து எடுத்துப் பாருங்கள். குறிவைத்த வரி மங்கி, அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள வரி தெளிவாக வந்தால், கமராவிலோ லென்ஸிலோ திருத்த வேலை இருக்கிறது.

ஷட்டர் எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்பதையும் கேளுங்கள். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டர் பொதுவாக ஒரு இலட்சம் தடவைகளுக்கு என்று கணக்கிடப்பட்டது. நிக்கோனில் இந்த எண் ஒவ்வொரு படக்கோப்பிலும் பதிவாகும் என்பதால், நீங்கள் எடுத்த படத்தைக் கணினியில் திறந்தே அறியலாம். கெனனின் பல மாதிரிகளில் கமராவைக் கணினியோடு இணைத்துத் தனி மென்பொருளால் பார்க்க வேண்டும். முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்றால் தயங்க வேண்டியதில்லை. இந்த எண் மிகக் குறைவாக இருப்பதும் எப்போதும் நற்செய்தியன்று. அலுமாரியில் பல ஆண்டுகள் மூடிக் கிடந்த கமராவாக இருந்தால் பூஞ்சணம் குடியேறியிருக்கும் வாய்ப்பு அதிகம்.

கையால் பிடிக்கும் இடத்திலுள்ள இறப்பர் உப்பி, கழன்று, பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பழைய நிக்கோன்களில் நமது காலநிலைக்கு இது அடிக்கடி நேரும்; ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் விலை பேச அது ஒரு காரணம். பற்றரி வீங்கியிருந்தால் அதனை வாங்கவே வேண்டாம். சொனி கமராவாக இருந்தால் மெனுவைத் திறந்து மொழியை மாற்றிப் பாருங்கள். ஜப்பான் சந்தைக்கென வந்த பல சொனிகளில் ஜப்பானிய மொழியைத் தவிர வேறு மொழி இராது. முடிவில், உடலின் அடியிலுள்ள தொடர் இலக்கத்தை, விற்பவர் காட்டும் பற்றுச்சீட்டிலுள்ள இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். பற்றுச்சீட்டு தொலைந்துவிட்டது என்றால், விற்பவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கையொப்பமும் கொண்ட துண்டு ஒன்றையாவது எழுதி வாங்குங்கள். அதற்கும் மறுப்பவரிடமிருந்து வாங்காமல் வீடு திரும்புங்கள்.

கேள்வி: முன்பு ஸ்டூடியோ நடத்திய மாமா, தனது பழைய நிக்கோன் 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸைத் தருவதாகச் சொல்கிறார். அது டி3400இல் வேலை செய்யுமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: பொருந்தும், படமும் எடுக்கும், ஒளியளவையும் கமராவே கணிக்கும், தானியங்கிக் குவியம் மட்டும் இயங்காது. அந்த வகை லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. கமரா உடலிலுள்ள மோட்டாரே அதனைத் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டாரை வைக்கவில்லை, டி7000, டி7100, டி7200 ஆகியவற்றில் உண்டு. மாமாவின் லென்ஸையே முதன்மையாகப் பாவிக்கப் போகிறீர்கள் என்றால், அதே விலைக்குக் கிடைக்கக்கூடிய பழைய டி7000 ஒன்றைத் தேடுவது புத்திசாலித்தனம். எந்த உடலில் மாட்டினாலும், லென்ஸிலுள்ள அப்பச்சர் வளையத்தை 22 என்ற எண்ணுக்குத் திருப்பிப் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் திரையில் எஃப்ஈஈ என்ற எழுத்துகள் மின்னி, ஷட்டர் இயங்க மறுக்கும். கமரா பழுதாகிவிட்டதென்று பலர் பயந்துபோவது இதனால்தான்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடை. கமராவை அலுமாரியில் தோற்பையில் வைத்திருக்கிறேன். போதுமா?
– வாசகி, மொறட்டுவை

பதில்: போதாது, உண்மையில் அதுதான் ஆகவும் மோசமான இடம். இருட்டும் ஈரமும் அடைபட்ட காற்றும் பூஞ்சணத்துக்கு வேண்டியவை. அலுமாரி மூன்றையும் தருகிறது, தோல் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, சிலிக்கா ஜெல் பொதிகளையும் ஈரப்பதம் காட்டும் சிறு மானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நல்லது. 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றவோ சூடாக்கி உலர்த்தவோ வேண்டும். ஜெல்லுக்குப் பதிலாக அரிசி போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதன் தூள் லென்ஸ் வளையத்துக்குள் புகுந்துவிடும், வேண்டாம்.

கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீடு வந்ததும் இலேசாக ஈரப்படுத்திய துணியால் உடலைத் துடைத்து உப்பை எடுத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வரும்போதும் கமராவை அரை மணிநேரமாவது பைக்குள் மூடியபடி விடுங்கள். உடனே எடுத்தால் லென்ஸில் நீர் படியும், உள்ளே படிந்ததைத் துடைக்கவும் முடியாது. இவ்வளவு காலமும் அலுமாரியில் இருந்த லென்ஸை இன்றே டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் சிறிதாகத் தொடங்கியிருந்தால் அனுபவமுள்ள திருத்துநரிடம் கழற்றித் துப்புரவு செய்யலாம்; கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்திருந்தால், கிற் லென்ஸைப் பொறுத்தவரை அந்தக் கூலிக்குப் பாவித்த வேறொன்றை வாங்குவது இலாபம். எப்படியாயினும் அதுவரை அதனை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம்.